ஐயா அப்போது எங்கே இருந்தார்?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். காரைக்குடிப் பக்கத்துக்காரர். வயது 74. கையில் மஞ்சள் பை. பைக்குள் 212 பக்கம், ஸ்பைரல் பைண்டிங்.

"எங்க ஐயாவோட வரலாறு சார். குடும்பத்துக்கு மட்டும் நூறு காப்பி போடறதா இருக்கோம். நீங்க ஒரு முன்னுரை எழுதித் தரணும்."

(ஐயா என்றால் அந்தச் சீமையில் அப்பாவின் அப்பா.)

முன்னுரை கேட்டு வருபவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் பொய்கள் நாலைந்து இருக்கின்றன. கண் ஆபரேஷன் அவற்றில் ஒன்று. ஆனால் இவர் கும்பகோணம் டிகிரி காபியைக் கூட மறுத்துவிட்டு, அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோது பொய் வாயில் வரவில்லை. "படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். படித்தேன், இரண்டு தடவை.

தன் தாத்தாவைச் சரித்திரத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. வாரம் ஒன்றாவது இப்படி ஒரு கையெழுத்துப் பிரதி எனக்கு வருகிறது. நல்ல விஷயம். ராஜாக்களுக்கு மட்டுமே வம்சாவளி இருந்த காலம் போய், ரயில்வே கார்டுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் வந்திருக்கிறது. ஆனால் அநேகமாக எல்லாருமே ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். இவரும் சறுக்கியிருந்தார். அதைப் பற்றித்தான் இந்த வாரம். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்.

புத்தகத்தின் அமைப்பு இது. இடது பக்கம் குடும்பம், வலது பக்கம் உலகம். இடது பக்கத்தில், "1914: ஐயா பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள்." வலது பக்கத்தில், "1914: முதல் உலகப் போர் மூண்டது. எம்டன் கப்பல் சென்னையில் குண்டு வீசியது." இடது பக்கம், "1930: ஐயா அடுத்தாள் ஆனார்கள்." வலது பக்கம், "1930: காந்தியடிகள் தண்டி யாத்திரை." இப்படியே 1968 வரை. அந்த வருஷம் ஐயா இறந்துபோகிறார். வலது பக்கத்தில் சென்னை ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாறப் போகிறது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் மானாமதுரை வரை போகும் இரண்டு பிரயாணிகள் மாதிரி.

வருஷம் ஒத்துப்போனால் போதுமா? நான் பிறந்த வருஷத்தில் உலகத்தில் எத்தனையோ நடந்திருக்கிறது. அதில் முக்கால்வாசிக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஒருவர் வாழ்ந்த காலத்தில் நடந்தது வேறு. அவர் வாழ்க்கையில் நடந்தது வேறு.

எம்டனையே எடுத்துக்கொள்வோம். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து குண்டு போட்டதும், எண்ணெய் டாங்குகள் எரிந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. எரிந்தது பர்மா ஆயில் கம்பெனியின் டாங்க். ஐயா போகப்போகிற தேசத்து எண்ணெய்! அந்தச் சில வாரங்கள் வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவே பயந்தன. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே எம்டன் ஒழிந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். ஆக, 15 வயசுப் பையன் கப்பல் ஏறியது செப்டம்பருக்கு முன்னாலா, பின்னாலா என்பது பெரிய கேள்வி. முன்னால் என்றால் அது சாதாரணப் பிரயாணம். நடுவில் என்றால், கப்பல் எப்போது கிளம்பும் என்று தெரியாமல் சென்னையில் காத்துக் கிடந்திருக்கலாம். பின்னால் என்றால், யுத்தம் என்று தெரிந்தும் ஒரு குடும்பம் பையனைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறது. ஏன், வீட்டில் அவ்வளவு கஷ்டமா? எம்டன் பெயரைப் போட்டவர் இந்தக் கேள்வியைப் போடவில்லை.

1930 இன்னும் மோசம். தண்டியில் காந்தி உப்பெடுத்தது மகத்தான நிகழ்ச்சிதான். ஆனால் ஐயா தண்டியில் இல்லை, ரங்கூனில் இருந்தார். அந்த வருஷம் மே 5ஆம் தேதி (காந்தியைக் கைது செய்த அதே தேதி) பெகுவில் பெரிய பூகம்பம், ரங்கூனும் ஆடியது. அதே மாதம் 26ஆம் தேதி ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளுக்கும் பர்மியத் தொழிலாளர்களுக்கும் கைகலப்பு வந்து, ஊர் முழுக்கக் கலவரமாகி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கலகம். ஒரே வருஷத்தில் மூன்று. மூன்றும் ஐயாவின் கடை வாசலுக்கு வந்தவை. வலது பக்கத்தில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது. நம் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் அவை இல்லை. நாம் தாத்தாவின் காலத்தைத் தேடப் போய், நம்முடைய ஏழாம் வகுப்பை எடுத்து எழுதிவிட்டு வருகிறோம்.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் தமிழில் இல்லாமல் இல்லை. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940லிருந்து 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. தன் ஊர் உத்தமதானபுரம் எப்படி உண்டாயிற்று என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். தஞ்சாவூர் ராஜா ஒருவர் ஏகாதசி என்பதை மறந்து வெற்றிலை போட்டுவிட்டார், பிராயச்சித்தமாக அக்ரகாரம் கட்டித் தானம் செய்தார் என்று ஊரில் சொல்லி வந்த கதை. நிஜமோ இல்லையோ, ராஜ்யத்துக்கும் தன் வீட்டுக் கூரைக்கும் இருந்த சம்பந்தம் ஒரே பக்கத்தில் புரிந்துவிடுகிறது. அப்புறம் அவருடைய அப்பா வருகிறார். கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். உடையார்பாளையம் ஜமீன் ஆதரவில் இருந்தவர். அந்த ஆதரவு நிலைக்காமல், ராமாயணம் சொல்லிக்கொண்டு ஊர் ஊராக, குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு அலைகிறார். சமஸ்தானங்கள் தேய்ந்த வரலாற்றை உ.வே.சா. தனியாக ஒரு அத்தியாயம் போட்டுச் சொல்லவில்லை. அடுத்த வேளை சாப்பாடு எந்த ஊரில் என்ற கவலையில் அது தானாகவே வந்துவிடுகிறது. 1855ல் பிறந்தவர், 1857க்கு அவருக்கு இரண்டு வயசு. அதற்காகச் சிப்பாய்க் கலகத்தை இழுத்து வந்து தொட்டில் பக்கத்தில் கட்டவில்லை.

இதில் ஒரு விசித்திரம். சரித்திரத்தை இவ்வளவு பக்குவமாகக் கையாண்டவரைக் கடைசியில் சரித்திரம் வந்து பிடித்துக்கொண்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டதும் சென்னை காலியாகத் தொடங்கியது. கிழவரும் சுவடிகளோடு திருக்கழுக்குன்றம் போனார். அங்கேயே ஏப்ரல் 28ஆம் தேதி காலமானார். 'என் சரித்திரம்' பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியோடு நின்றுபோனது. எங்கேயோ ரங்கூன் விழுந்ததற்கும், ஒரு தமிழ்ப் புத்தகம் பாதியில் நிற்பதற்கும் இருக்கிற தூரம் அவ்வளவுதான்.

கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' (1976) இன்னொரு வழி. தெலுங்குச் சீமையிலிருந்து தப்பி ஓடிவந்த தன் முன்னோர்களின் கதையை நூறு வயசு தாண்டிய பூட்டி மங்கத்தாயாரு அம்மாள் வாயால் சொல்கிறார். வருஷக் கணக்கே கிடையாது. ஒரு பெண்ணை ராஜா கேட்டான், ஓடினோம், காட்டை எரித்தோம், நிலம் திருத்தினோம். கும்பினி போய் விக்டோரியா ராணி வரும் காலத்தில் நாவல் முடிகிறது. தேதி இல்லாமலேயே காலம் தெரிகிறது. ஏனென்றால், வரலாறு அந்த ஜனங்களை என்ன செய்தது என்று மட்டும்தான் கி.ரா. பார்க்கிறார்.

(கிராமத்துக் கணக்கில் வருஷப் பெயர் வந்தால் ஜாக்கிரதை. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பும். 'தாது வருஷத்துப் பஞ்சம்' என்றால் 1876. ஆனால் 1936ம் தாதுதான், 1996ம் தாதுதான். நம்மவரின் ஐயா ஜாதகத்தில் 'விகாரி' என்று இருந்திருக்கிறது. 1899 என்று சரியாகவே கண்டுபிடித்திருந்தார். வங்கிக்காரர் அல்லவா!)

இனி, இந்தப் புத்தகத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். 87ஆம் பக்கம்.

"1934: ஐயாவின் கடின உழைப்பால் பெகு ஜில்லாவில் 60 ஏக்கர் நெல் நிலம் சேர்ந்தது."

எதிர்ப் பக்கத்தில் பீகார் பூகம்பம்.

'சேர்ந்தது' என்ற வினைச்சொல்லைப் பாருங்கள். வாசலில் மழைத்தண்ணீர் சேர்ந்த மாதிரி நிலம் சேர்ந்துவிட்டது. நிலம் அப்படிச் சேராது. யாராவது ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு வரும். யார் கையிலிருந்து வந்தது?

வரலாற்றை இங்கே கொண்டுவந்தால் பதில் கிடைக்கும். பர்மாவில் நெல் விளைவிக்கிற விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நம் ஊர் வட்டிக்கடைக்காரர்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடைக்கு ஆள் வைத்து, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றி நடத்தின தொழில். 1930ல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. கடன் மட்டும் சரியவில்லை. கட்ட முடியாதவன் நிலத்தைக் கொடுத்தான். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937ல் 25 சதவீதம். ஏழே வருஷத்தில் நாலு மடங்கு!

அந்த 25 சதவீதத்துக்குள்தான் ஐயாவின் 60 ஏக்கரும் இருக்கிறது. கடின உழைப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வயதில் போய், விடிகாலையில் எழுந்து கடையைப் பெருக்கி, கணக்கு கற்றுக்கொண்டு மேலே வந்தவர். உழைப்புதான். ஆனால் 1934ல் நிலம் வந்தது உழைப்பால் மட்டும் அல்ல. ஒரு பர்மிய விவசாயி தோற்றுப்போனதால்.

உடனே ஐயாவை வில்லனாக்கி மீசை வரைய வேண்டிய அவசியமும் இல்லை. கடன் கொடுத்தவர்களுக்கு வேண்டியது ரொக்கம், நிலம் அல்ல. அவர்களும் பேங்கில் வாங்கித்தான் கொடுத்திருந்தார்கள். விலை போகாத நிலத்தை வைத்துக்கொண்டு விழித்தவர்கள் அநேகம். ஆனால் சேற்றில் நின்றவன் கண்ணுக்குத் தெரிந்தது பேங்க் இல்லை, வேட்டி கட்டின ஐயாதான். கலகம் வந்தபோதும், 1938ல் மறுபடி கலவரம் வந்தபோதும், கோபம் அந்தப் பக்கமாகத்தான் திரும்பியது. இதையெல்லாம் சொன்னால் ஐயா சின்னவராகிவிட மாட்டார். நிஜமானவராகிவிடுவார்.

இது தெரிந்தால்தான் 1942 புரியும். அந்த வருஷத்துக்கு இடது பக்கத்தில் ஒரே வரி. "1942: ஐயா பர்மாவிலிருந்து ஊர் திரும்பினார்கள்." எதிரே, 'வெள்ளையனே வெளியேறு'.

நான் ஃபோன் பண்ணிக் கேட்டேன். "எப்படித் திரும்பினார்?"

"நடந்துதான் சார்."

"நடந்தா? அதை எழுதலையே?"

"அதைப் பத்தி ஐயா பேசவே மாட்டாங்க. எதை எழுதறது?"

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8ல் ஊரே விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலைகளைத் தாண்டி ஒரு வழி. சிந்துவின் நதி, தமு, மணிப்பூர் என்று இன்னொரு வழி. வடக்கே ஹுக்காவாங் பள்ளத்தாக்கு வழியாக மூன்றாவது வழி. மொத்தம் வெளியேறிய இந்தியர்கள் சுமார் 5 லட்சம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம். வெள்ளைக்காரனுக்கு நல்ல பாதை, கறுப்பனுக்கு மோசமான பாதை என்ற புகார் அன்றைக்கே எழுந்தது. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா மனைவியோடு அப்படி வந்தவர்தான். 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதி வைத்திருக்கிறார். நம்மவர் அந்தப் புத்தகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. தாத்தா பேசவில்லை, சரி. தாத்தாவோடு நடந்தவர் ஒருவர் பேசியிருக்கிறாரே!

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையும் (1972) சொன்னேன். அது இந்தோனேஷியா, பினாங்கு. ஆனாலும் வட்டிக்கடை வாழ்க்கை ஒன்றுதான். பேரேட்டில் வரவு செலவு எழுதிக்கொண்டிருந்த ஆட்கள் மேல் ஜப்பானியப் பட்டாளம் வந்து இறங்குகிறது. தானே 1938ல் மேடான் போய் 1946ல் திரும்பியவர் என்பதால், சிங்காரத்துக்கு யுத்தம் என்பது தலைப்புச் செய்தி அல்ல. அன்றைக்குக் கடை திறப்பதா வேண்டாமா என்ற பிரச்னை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நம்மவர் சற்று நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார்.

"ஒண்ணு ஞாபகம் இருக்கு சார். ஐயா ராத்திரி படுக்கறப்போ செருப்பைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் படுப்பாங்க. நாங்க பேரப்பிள்ளைக எல்லாம் சிரிப்போம். அப்பத்தா மட்டும் அதட்டுவாங்க. அதெல்லாம் சரித்திரமா சார்?"

212 பக்கத்தில் இல்லாத ஒரே சரித்திரம் அதுதான் என்று சொன்னேன். ஏன் அப்படிப் படுத்தார் என்பதை ஐயா யாரிடமும் சொன்னதில்லை. நாமும் ஜோடித்துச் சொல்ல வேண்டாம். மலைப்பாதையில் ராத்திரி செருப்பு காணாமல் போனால் மறுநாள் என்ன ஆகும் என்பதை வாசகன் யோசித்துக்கொள்வான். ஒரு பக்கத்தில் அந்தப் பாதை, எதிர்ப் பக்கத்தில் அந்தச் செருப்பு. இப்போதுதான் இடதும் வலதும் ஒன்றோடொன்று பேசுகின்றன.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் ஒன்று உண்டு. தாத்தாவை இழுத்துப் போய்ப் பெரிய மனிதர் பக்கத்தில் நிறுத்துவது. 110ஆம் பக்கத்தில், "ரங்கூனில் நேதாஜியை நேரில் கண்டு ஐயா தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள்" என்று இருந்தது. நேதாஜி சிங்கப்பூருக்கே வந்து சேர்ந்தது 1943 ஜூலையில். ரங்கூனுக்குத் தலைமையிடத்தை மாற்றியது 1944 ஜனவரியில். ஐயா 1942லேயே ஊருக்கு வந்தாயிற்று. கணக்கு உதைக்கிறது. இதைச் சொன்னபோது நம்மவர் முகம் வாடிவிட்டது. சின்ன வயசிலிருந்து கேட்ட கதை.

"பொய்னு தள்ளிடாதீங்க" என்றேன். குடும்பக் கதைகள் பெரும்பாலும் பொய் இல்லை, இடம் மாறிப்போன நிஜம். சுபாஷ் போஸ் 1939 செப்டம்பரில் மதுரைக்கு வந்திருக்கிறார். அந்த வருஷம் ஐயா ஊரில் இருந்தாரா என்று பாருங்கள். மூணு வருஷக் கணக்கு முடிந்து வந்திருந்த சமயமாக இருக்கலாம். அப்படியென்றால் பார்த்தது நிஜம், ரங்கூன் மட்டும் பின்னால் சேர்ந்தது. ஊரிலும் இல்லையென்றால், "எங்கள் வீட்டில் இப்படி ஒரு கதை சொல்வார்கள்" என்று எழுதுங்கள். ஒரு குடும்பம் எதை நம்ப ஆசைப்பட்டது என்பதும் வரலாறுதான். உ.வே.சா. வெற்றிலைக் கதையைச் சொன்னது அப்படித்தானே.

கடைசியாக அப்பத்தா. புத்தகம் முழுக்க அந்த அம்மாள் இரண்டு இடத்தில் வருகிறார். 1921ல் கல்யாணம், 1979ல் மறைவு. நடுவில் 58 வருஷம் காணோம். கணவர் மூணு வருஷம் கடல் தாண்டி, சில மாதம் வீட்டில், மறுபடி மூணு வருஷம். பிள்ளை வளர்த்தது யார்? நிலம் நீச்சு பார்த்தது யார்? ரங்கூன் விழுந்ததிலிருந்து ஐயா வாசலில் வந்து நிற்கிற வரை கடிதம் வந்திருக்காது. தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அந்த மாதங்களைக் கழித்தது யார்? ஐயாவின் பேரேடு பத்திரமாக இருக்கிறது. அப்பத்தாவுக்குப் பேரேடு கிடையாது. அதனால் வரலாறும் கிடையாது என்றாகிவிடுமா?

மைதிலி சிவராமன் 2006ல் ஆங்கிலத்தில் 'ஃப்ராக்மெண்ட்ஸ் ஆஃப் எ லைஃப்' என்று தன் பாட்டி சுப்பலட்சுமியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெண்மணிக் கொடுமையைப் பற்றி உரக்க எழுதிய அதே மைதிலிதான். 1897ல் பிறந்து, 11 வயசில் கல்யாணமாகி, 14 வயசில் தாயாகி, உடம்பும் மனசும் ஒத்துழைக்காமல் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து 1978ல் போன ஒரு பாட்டி. உலகத்துக்கு அவர் செய்ததென்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் டைரிக் குறிப்புகள், கடிதங்கள், படித்தவற்றிலிருந்து எழுதி வைத்தவை என்று சில துண்டுகள் மிஞ்சியிருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு, படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணை அந்தக் காலம் எந்த இடத்தில் திறந்துவிட்டது, எந்த இடத்தில் கதவைச் சாத்தியது என்று பேத்தி காட்டுகிறார். தெரியாத இடத்தைத் தெரியாது என்றே விட்டுவிடுகிறார். அந்த இடைவெளிகளும் பேசுகின்றன. அப்பத்தாவுக்கு டைரிகூட இல்லைதான். ஆனால் அவரைப் பார்த்த மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்மவரின் அத்தைக்கு 91 வயசாம். மதுரையில் இருக்கிறாராம். "அவங்களுக்குக் காது சரியாக் கேக்காது சார்" என்றார். வாய் பேசுமல்லவா?

இவ்வளவையும் எழுதி எட்டுப் பக்கக் கடிதமாக அவருக்கு அனுப்பினேன். முன்னுரை கேட்டவருக்குக் கேள்வித்தாள் அனுப்பியதற்குக் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் சத்தமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது.

"டிரங்குப் பெட்டியைத் திறந்து பாத்தேன் சார். பர்மாப் பத்திரம் எல்லாம் அப்படியே இருக்கு."

அந்தப் பக்கத்துப் பல வீடுகளில் இப்படிப் பத்திரங்கள் இருக்கின்றன. 1948ல் சுதந்திர பர்மா நிலத்தை தேசிய உடைமையாக்கச் சட்டம் போட்ட பிறகும், என்றைக்காவது திரும்பக் கிடைக்கும் என்று பூட்டி வைத்தவை.

"அதுல நிலத்துக்காரர் பேர் இருக்கு சார். 'மாங்'னு ஆரம்பிக்குது. மிச்சம் பூச்சி அரிச்சிருச்சு. பக்கத்துல கைநாட்டு இருக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எண்பத்தேழாம் பக்கத்தை மாத்திட்டேன். 'மாங் என்று தொடங்கும் பெயருடைய ஒருவர் கடனைக் கட்ட முடியாமல் எழுதிக் கொடுத்த 60 ஏக்கர்'னு போட்டிருக்கேன். எங்க சித்தப்பா மகனுக்கு இதுல சம்மதமே இல்லை. 'ஐயாவைக் கேவலப்படுத்தறியா'ன்னு சண்டை. புத்தகத்துக்குத் தர்றேன்னு சொன்ன பணத்தைத் தரமாட்டேன்னுட்டான்."

"என்ன செய்யப்போறீங்க?"

"நூறு காப்பிக்குப் பதிலா நாப்பது காப்பி போட்டுக்கறேன். நீங்க முன்னுரை தர்றீங்களா, இல்லையா?"

இதோ, இதுதான் முன்னுரை. தேவையில்லாத இடங்களை அவர் வெட்டிக்கொள்ளலாம். மதுரை அத்தையை அடுத்த வாரம் பார்க்கப் போகிறாராம். கையோடு ஒரு டேப் ரெக்கார்டர் எடுத்துப் போவதாகச் சொன்னார். செல்ஃபோனே போதும் என்றேன். வங்கிக்காரர், நம்பவில்லை. இரண்டையும் எடுத்துப் போகிறார்.